கலைப்பொருளும் பங்குக்காரர் உரிமையும்

(கமக்காரர், ஆசிரியர், உத்தியோகத்தர், இளம் ஓவியர் ஆகியோர் கூடிய கரம்பொன் அவையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



கலைஞன் ஒருவன் தன் படைப்பைக் கலைக்கூடத்தின் வாயிலாகச் சந்தைக்குக் கொண்டுவரும்போது அவனுக்குள்ள கடப்பாடுகள் யாவை என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். கிணற்று நீர் உவராகி வருகிறது. படித்த பிள்ளைகள் கடல் கடந்து போகின்றனர். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஓவியம் விற்பதைப் பற்றிக் கரம்பொனில் ஏன் பேசவேண்டும் என்று முன்வரிசையில் இருக்கும் கமக்காரர் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. அதற்கு விடை கூறிய பின்னரே மேலே செல்வேன்.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்ததிலிருந்து நமது மண்ணின் துயரம் ஓவியமாகவும் சிற்பமாகவும் நிழற்படமாகவும் கொழும்பிலும் டில்லியிலும் இலண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பட்டு வருகிறது. நமது இடிந்த சுவர், நாம் விட்டுவிட்டு ஓடிய வீட்டின் திறப்பு, திரும்பி வராத பிள்ளையின் படம் ஆகியவை அங்கே காட்சிப் பொருள்கள். இதனைக் குற்றமென்று யான் கூறவில்லை. மேடையில் நின்று நாங்கள் ஆயிரம் முறை கூறியும் உலகத்தின் செவியில் ஏறாத செய்தியை ஓர் ஓவியம் ஒரு நொடியில் ஏற்றியிருக்கிறது. ஆயினும், காட்சி எங்கே நடைபெறுகிறதோ அங்கே பெரும்பாலும் விற்பனையும் நடைபெறுகிறது. விற்பனை எங்கே உண்டோ அங்கே, விற்பது யாருடைய பொருள், யாரைக் கேட்டு விற்கிறார்கள் என்ற கேள்வியும் உண்டு. பொருளில் நமக்கும் பங்கிருக்குமானால் அக்கேள்வியைக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டன்றோ?

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1706ஆம் ஆண்டில் கிளாஸ் ஈசாக்ஸ் என்பவர் நமது வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரண்டு தமிழ் முதலியார்கள் அதனைப் பார்த்துச் சரியென்று ஒப்பினர். 1707இல் அது தேசவழமை என்ற பெயரில் சட்டமாயிற்று. அதன்படி ஒருவன் தன் காணியை விற்க எண்ணினால் முதலில் பங்குக்காரருக்கும், உரித்துக்காரருக்கும், அக்காணியை ஈட்டில் பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும். அவர்கள் வேண்டாம் என்ற பின்னரே அந்நியனுக்கு விற்கலாம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையைப் பங்குக்காரருக்கும் உரித்துக்காரருக்கும் மட்டுமென்று சுருக்கியது. ஆனால் அடிப்படையை அழிக்கவில்லை. அந்த அடிப்படை என்ன? உறுதியில் ஒருவன் பெயர் மட்டுமே இருந்தாலும், அந்தப் பொருளில் வேறு பலருக்கும் நியாயமான தொடர்பு இருக்கலாம். அவர்களுக்குத் தெரியாமல் விற்பது முறையன்று என்பதே.

கலைஞனின் கடப்பாட்டை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கவேண்டும் என்பதே எனது வழக்கு. ஓவியத்தின் அடியில் ஒருவன் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஓர் ஊரின் கதை இருக்கலாம். ஒரு தொழிற்குலத்தின் நானூறு ஆண்டுப் பழக்கம் இருக்கலாம். நம்பிக் காசு கொடுக்கும் வாங்குபவனின் உரிமையும் இருக்கிறது. இவர்களெல்லாம் பங்குக்காரர். இவர்களுக்கு உண்மையை அறிவிக்காமல் விற்கும் கலைஞன், கள்ள உறுதி முடிப்பவனுக்கு எவ்வகையில் மேலானவன்?

சிவபுரத்துக் கூத்தன்

அறிவிக்காமல் விற்பதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தஞ்சைத் தரணியில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றேன். நமது காலத்தில் ஒரு கலைஞனின் கை தவறியதால் விளைந்த வழக்குகளுள் இதற்கு ஈடானதை யான் அறியேன்.

கும்பகோணத்துக்கு அண்மையில் சிவபுரம் என்றோர் ஊர். 1951ஆம் ஆண்டில் அங்கே நிலத்தைக் கிண்டியபோது நடராசர் திருவுருவமும் வேறு சில செப்புத் திருமேனிகளும் வெளிப்பட்டன. சோழர் காலத்தவை, பத்தாம் நூற்றாண்டின் வேலைப்பாடு. கோயிலுக்கு அவை ஒப்படைக்கப்பட்டன. 1954இல் அவற்றைப் பழுதுபார்ப்பதற்காக ஒரு ஸ்தபதியிடம் கொடுத்தனர். வணிகர் சிலர் அவரை அணுகினர். அசலைப் பார்த்து அதைப்போலவே மற்றொன்றை வார்த்தார் ஸ்தபதி. கோயிலுக்குப் போனது புதியது. பழையது வணிகர் கைக்குப் போய், பம்பாய்ச் சேகரிப்பாளர் கைகளில் மாறி, 1969 அளவில் நியூயோர்க்கைச் சென்றடைந்தது.

ஊர் மக்கள் புதிய உருவத்தையே வணங்கினர். பல ஆண்டு எவருக்கும் ஐயம் எழவில்லை. 1965ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த டக்ளஸ் பரற் என்னும் அறிஞர் சோழச் செப்புத் திருமேனிகளைப் பற்றி வெளியிட்ட நூலில், கோயிலில் உள்ளது அசலன்று, அசல் தனியார் கையில் உள்ளது என்று எழுதிய பின்னரே உண்மை வெளிப்பட்டது. தன் வீட்டுப் பொருள் களவு போனதைப் பிறநாட்டான் எழுதிய புத்தகத்தைப் பார்த்து அறிந்துகொண்ட நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

1973இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த நோட்டன் சைமன் என்ற செல்வரின் நிறுவனம் 9 இலட்சம் டொலருக்கு அதனை வாங்கியது வெளிவந்தது. கடத்தப்பட்ட பொருள் என்பதைத் தாம் அறிந்தே வாங்கியதாக அவர் கூறினார் என்று அவ்வாண்டில் நியூயோர்க் பத்திரிகை ஒன்று எழுதியது. அவர் பின்னர் அதை மறுத்தார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டது: உருவம் இந்தியாவுக்கே உரியது; ஆனால் பத்தாண்டு அந்த நிறுவனம் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். 1986இல் கூத்தப்பிரான் நாடு திரும்பினார்.

இதில் யான் எண்ணிப் பார்ப்பது வணிகரைப் பற்றியன்று; வணிகர் வணிகரே. அந்த ஸ்தபதியைப் பற்றியே எண்ணுகின்றேன். படிமத்தைப் படியெடுப்பது குற்றமா? அன்று. மெழுகிலே உருவம் சமைத்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகத்தை வார்க்கும் அந்தக் கலையே முன்னோர் வடிவத்தை மீண்டும் மீண்டும் வார்ப்பதால்தான் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தது. சுவாமிமலையில் இன்றும் அவ்வாறே வார்க்கின்றனர். அதனைப் புதிய வார்ப்பு என்று சொல்லியே விற்கும் ஸ்தபதி பெருமைக்குரியவர். சிவபுரத்திலும் வார்ப்பிலே பிழையில்லை; பத்தாம் நூற்றாண்டுக் கைக்குச் சமமான கை அது! பிழை எங்கே? ‘இது நீங்கள் தந்தது’ என்று சொல்லாமற் சொல்லி, வேறொன்றைக் கொடுத்ததில். ஒரே செம்பு, ஒரே வடிவம், ஒரே உழைப்பு. அதனோடு செல்லும் ஒரு சொல் மாறியவுடன் கலை களவாயிற்று. வறுமையைக் காரணம் காட்டுவர். ஸ்தபதியின் வறுமைக்கு யான் இரங்குவேன். ஆயினும் அவரை நம்பிப் பொருளைக் கொடுத்த ஊரும் செல்வத்தில் மிதந்த ஊரன்று.

சட்டம் படித்தவர்களும் இதில் தப்பிக்கொள்ள முடியாது. ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசரை 2008ஆம் ஆண்டில் கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட விலைக்கு வாங்கியது. விற்றவர் நியூயோர்க் வணிகர் சுபாஷ் கபூர். பொருள் நெடுங்காலமாக வெளிநாட்டில் இருந்தது என்று காட்டப் பொய்க் கடதாசிகள் தரப்பட்டன. அவர் 2011இல் ஜேர்மனியில் கைதானார். உருவம் 2014இல் இந்தியாவுக்குத் திரும்பியது. வேறொரு கோயிற் களவு வழக்கில் 2022இல் கும்பகோண நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. சிவபுரத்தில் வணிகனுக்குப் பொய்ச் சிலை வேண்டியிருந்தது. ஸ்ரீபுரந்தானில் பொய்க் கடதாசியே போதுமாயிற்று. இந்தக் காலத்துச் சந்தையில் கடதாசியே பொருளின் உயிர் என்பதை இதனால் அறியலாம்.

கையொப்பம்

இனி ஓவியர்களுக்கு வருகின்றேன். 2009 தை மாதத்தில் டில்லித் தூமிமல் கலைக்கூடத்தில் சையத் ஐதர் ராசா என்னும் பேரோவியரின் முற்காலப் படைப்புகள் என்று ஒரு காட்சி ஏற்பாடாகியிருந்தது. திறந்து வைப்பதற்கு எண்பத்தாறு வயதான ராசாவே வந்தார். சுவரைப் பார்த்தார். பெரும்பாலானவை தம்முடையவை அல்ல என்று அங்கேயே கூறிவிட்டார். காட்சி மூடப்பட்டது. விழாவுக்கு அழைத்தவர் மனம் நோகுமே என்று அவர் வாய் மூடியிருந்தால் என்னவாகியிருக்கும்? ஆசிரியனே திறந்து வைத்த காட்சி என்பதே அப்பொய்ப் படங்களுக்கு உறுதிப்பத்திரமாகியிருக்கும். ராசா உயிரோடிருந்தார், கண்டார், கூறினார். இறந்தவனுக்கு அது இயலுமா? 2011இல் கல்கத்தா அரசினர் கலைக் கல்லூரியில் இரவீந்திரநாத தாகூரின் ஓவியங்கள் என்று 20 படங்கள் வைக்கப்பட்டன. அவை போலி என்று இந்தியத் தொல்லியல் துறையினர் ஆய்ந்து அறிவித்தனர். தாகூர் மறைந்து எழுபது ஆண்டு. வந்து மறுக்க ஆளில்லை.

வங்கத்து ஜாமினி ராயின் கதை இதனினும் சிக்கலானது. 1972இல் மறைந்த அப்பெரியவர், ஓவியம் செல்வர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்று கருதிக் குறைந்த விலைக்கு விற்றார். மக்களும் மாணவரும் சேர்ந்து தீட்டிய படங்களுக்கும் தம் கையொப்பமே இட்டார். பட்டுவக்காரரின் கூட்டுத் தொழிலைப் போன்றது தமது பட்டறை என்பது அவர் கொள்கை. கொள்கை உயர்ந்தது. ஆயினும், எது அவர் கை, எது பிள்ளை கை என்ற தகராறு இன்றுவரை தீரவில்லை. அந்தக் குழப்பத்திலே போலி செய்வோன் குளிர் காய்கின்றான். ‘இது எமது பட்டறையில் இன்னார் இன்னார் தீட்டியது’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் கொள்கையும் வாழ்ந்திருக்கும், மாணவனின் பெயரும் வாழ்ந்திருக்கும். இவ்விடயத்தில் பலர் என்னோடு மாறுபடுவர் என்பதை அறிவேன். என் கருத்து அதுவே.

கலைக்கூடத்தோடு கொள்ளும் ஒப்பந்தம் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. புகையிலை விற்ற உங்களுக்குத் தெரியாததா? முதலாளியிடம் முற்பணம் வாங்கிவிட்டு, இரவோடிரவாக மற்றவனுக்குச் சிப்பத்தை ஏற்றிவிடுபவனை நாம் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? கலைக்கூடத்தில் படத்தைக் கண்டு விரும்பியவனைப் பின்வாசலால் வீட்டுக்கு அழைத்துக் குறைந்த விலைக்கு விற்கும் ஓவியனுக்கும் அதுவே பெயர். விலையிற் பாதிவரை தரகாக எடுக்கும் கலைக்கூடங்கள் உண்டு. அது மிகையென்று தோன்றினால் முன்னரே பேசிக் குறைக்கட்டும், அன்றேல் விலகட்டும். அச்சுப்படத்தில் ‘மொத்தம் 25 படி’ என்று எழுதிவிட்டு இருபத்தாறாவது படியை எடுப்பது ஒரே காணிக்கு இரண்டு உறுதி எழுதுவதாகும். கலைக்கூடத்தாரும் யாருக்கு, என்ன விலைக்கு விற்றோம் என்பதைக் கலைஞனுக்கு மறைக்கக்கூடாது. இவையெல்லாம் எழுத்தில் இருக்கவேண்டும். ‘நம்பிக்கையான மனிசர், எழுத்து எதற்கு’ என்று கேட்பவர்கள், நமது நாட்டில் காணி வழக்குகளின் வரலாற்றை ஒருமுறை படிக்கட்டும்.

எழுத்து கலைஞனையும் காக்கும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படத்தை விற்றதனால் மட்டும் அதன் பதிப்புரிமை வாங்கியவனுக்குப் போய்விடாது. தன் பெயர் குறிக்கப்படும் உரிமையும் கலைஞனுக்கு உண்டு. பிரான்சு 1920இலேயே, படம் மறுமுறை விலைப்படும்போது ஓவியனுக்கும் ஒரு பங்கு கிடைக்கச் சட்டம் செய்தது. இந்தியாவும் 1994இல் அவ்வாறு விதி சேர்த்தது: மறுவிற்பனை விலை 10,000 ரூபாவைத் தாண்டினால் 10 வீதத்துக்கு மேற்படாத பங்கு. ஆனால் எதை, எப்பொழுது, யாருக்குக் கொடுத்தோம் என்ற குறிப்பே இல்லாதவன் எந்த நீதிமன்றத்தில் எதைக் கேட்பான்?

துயரத்தின் பங்குக்காரர்

இப்பொழுது நம் வாசலுக்கே வந்துவிட்டேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து ஓவியர் சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முடிவுறாத தோம்பு’ என்ற நூல் உங்களிற் சிலருக்குத் தெரிந்திருக்கும். இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் அமைப்பை நினைவிலிருந்து கீறித் தந்தனர். அக்கீறல்களோடு கட்டட வரைபடங்களும் ஓவியரின் சித்திரங்களும் அந்நூலில் சேர்ந்தன. தோம்பு என்பது ஒல்லாந்தர் வைத்த காணிப் பதிவேடு என்பதை இவ்வூரில் நான் விளக்கவேண்டியதில்லை. கந்தோரில் உள்ள பதிவேடு சொல்லாத உடைமையை மக்களின் கையே பதிவு செய்யட்டும் என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் உகந்தது. மக்கள் அங்கே வெறும் விடயமாக நிற்கவில்லை. அவர்களது கோடும் படைப்பிலே இருக்கிறது.

எல்லாப் படைப்பும் அவ்வாறு இல்லை. 2017 மாசி மாதம் 20ஆம் நாள் தொடக்கம் கிளிநொச்சியில் தெருவோரத்தில் அமர்ந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரை நினையுங்கள். அவர்கள் கையில் பிள்ளையின் படம். அவர்களைப் படம் பிடிப்போர் பலர், வரைவோர் பலர். தெருவில் நடப்பதைப் பார்ப்பதற்கும் வரைவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டுமென்று யான் கூறினால் அது கலையின் கழுத்தை நெரிப்பதாகும்; ஆட்சியாளருக்கு வாய்ப்பாகவும் முடியும். அதை யான் கூறேன். ஆனால் ஒரு தாயின் முகம் அடையாளம் தெரியும்படி, அவள் மகனின் முகமும் தெரியும்படி, ஒரு செல்வரின் வரவேற்பறைக்கு விலைபேசப்படும்போது அவளிடம் ஒரு சொல் கேட்கவேண்டாமா? இங்கே காசு பங்கிடுவதை யான் முதலில் வைக்கவில்லை. பல தாய்மார் காசை வாங்கவும் மாட்டார்கள். அறிவித்தல் முதலில்: இப்படி வரைந்திருக்கிறேன் அம்மா, இன்ன இடத்தில் வைக்கப்போகிறார்கள், விலைக்கும் போகலாம், உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம் என்றால் விற்கக்கூடாது. சம்மதம் என்றால் ஒரு படியாவது அவள் வீட்டிலோ ஊர் நூலகத்திலோ இருக்கவேண்டும். நமது துயரத்தைப் பார்க்க நாமே விமானச் சீட்டு எடுத்துப் போகவேண்டிய நிலை வேண்டாம்.

தீவகத்தார்க்கு நேரே தைக்கும் ஒன்றையும் கூறவேண்டும். 1990இல் இவ்வூர்களை விட்டு நாம் வெளியேறிய பின்னர், வீடுகளின் கதவும் நிலையும் யன்னலும் தூணும் எவ்வாறு போயின என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பழைய யாழ்ப்பாணக் கதவு என்றால் பழம்பொருட் கடையில் இன்று நல்ல விலை. அத்தகைய கதவொன்றை வாங்கி, அதன்மேல் வண்ணம் தீட்டி, ‘இழந்த வீடு’ என்று பெயரிட்டுக் காட்சிக்கு வைக்கும் கலைஞன், அது எந்த வீட்டின் கதவு என்று கடைக்காரனைக் கேட்டானா? கேட்கவில்லையானால் அவன் இழந்த வீட்டைப் பாடவில்லை. இழந்த வீட்டிலிருந்து இன்னொரு பலகையைக் கழற்றினான்.

கலைஞன் வயிற்றுக்கு என்ன செய்வான் என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வியே. சிவபுரத்து ஸ்தபதியைச் சுற்றி வணிகர் மட்டுமே நின்றனர். 1966இல் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்தில், ஓவியக் கல்லூரி முதல்வர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் ஓவியரும் சிற்பியரும் தமக்கெனக் காணி வாங்கிச் சோழமண்டலம் என்னும் ஊரையே அமைத்தனர். காசு எங்கிருந்து வந்தது? பற்றிக் துணியும் வேறு கைப்பணிப் பொருள்களும் செய்து, சங்கமாகச் சேர்ந்து விற்றனர். சோற்றுக்குக் கைப்பணி, ஓவியம் சந்தையின் மனம்போல் வளையத் தேவையில்லை. மலையாளத்துப் புகையிலையை விற்க நமது கமக்காரர் ஐக்கிய சங்கம் அமைத்ததும் இதே நோக்கத்தோடன்றோ? தனியாக நிற்பவனிடம் தரகன் விலை பேசுவான். சங்கத்திடம் விலை கேட்பான். பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்று வெளிவரும் நமது பிள்ளைகளுக்கு இத்தகைய சங்கம் ஒன்று வடபகுதியில் வேண்டும். கமக்காரச் சங்கத்தை நடத்திப் பழகிய பெரியவர்கள் கணக்கெழுதிக் கொடுத்தால், ஓவியர்கள் படம் எழுதுவார்கள்.

அதற்கு நாட்செல்லும். இன்றே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. இங்கே வந்துள்ள இளம் ஓவியர்கள் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்து, படத்தின் பெயர், அளவு, ஆண்டு, யார் யாருடைய சொல்லும் பொருளும் அதிலே சேர்ந்துள்ளன, யாரிடம் கேட்டீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள் என்பவற்றை எழுதிவாருங்கள். மற்றையோர் வீட்டுக்குப் போய், சுவரிலோ பெட்டியிலோ இருக்கும் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். 1995 இடப்பெயர்விலே யாழ்ப்பாணத்து ஓவியங்கள் எத்தனையோ அழிந்தன. எஞ்சியவற்றிற் பலவற்றுக்கு வரைந்தவர் பெயரே இல்லை. உங்கள் சித்திர ஆசிரியர் தந்த படமாக இருந்தால் அவர் பெயர், ஆண்டு, அது உங்கள் வீட்டுக்கு வந்த வகை ஆகியவற்றைப் பின்புறத்து மட்டையில் எழுதிவையுங்கள். பேனையால் எழுதவேண்டாம், இந்தக் கடற்காற்றில் மை கலங்கிவிடும், பென்சில் நிற்கும்.